பேரேட்டில் ஏறிய பெயர்கள்

1830களில் நியூயார்க்கின் மொத்த வியாபாரிகளுக்கு வருடத்தில் இரண்டு முறை ஒரே தலைவலி. உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கடைக்காரர்கள் கொள்முதலுக்கு வந்து இறங்குவார்கள். கையில் ரொக்கம் இருக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணை கேட்பார்கள். ஆள் எப்படிப்பட்டவர், ஊரில் அவருக்கு என்ன பெயர், சொன்ன தேதிக்குப் பணம் வருமா என்று விசாரிக்க வழியில்லை. அறிமுகக் கடிதம் கொண்டுவந்தாலும் அதை எழுதியவர் மைத்துனரா, அதே ஆளுக்குக் கடன் கொடுத்துவிட்டு விழிப்பவரா என்று யாருக்குத் தெரியும்?

இதில் நன்றாக அடிபட்டவர் லூயிஸ் டாப்பன். அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து பட்டு வியாபாரம் செய்தவர். சகோதரர்கள் இருவரும் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள். அந்தக் கோபத்தில் 1834இல் ஒரு கும்பல் லூயிஸின் வீட்டுக்குள் புகுந்து தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கொளுத்தியது. அதிலிருந்து மீண்டவர்களை 1837இன் பொருளாதார நெருக்கடி சாய்த்தது. கடனுக்குச் சரக்கு எடுத்தவர்களிடமிருந்து பணம் வரவில்லை. 10 லட்சம் டாலருக்கு மேல் கடனோடு ஆர்தரின் நிறுவனம் நொடித்தது. பட்டறிந்த லூயிஸ் பட்டை விட்டுவிட்டு 1841இல் புதிதாக ஒரு சரக்கை விற்க ஆரம்பித்தார். மனிதர்களைப் பற்றிய தகவல்தான் அந்தச் சரக்கு. கடைக்கு ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’ என்று பெயர்.

ஏற்பாடு எளிமையானது. ஊருக்கு ஒரு வக்கீலைப் பிடித்து, உள்ளூர் வியாபாரிகளைப் பற்றி அவ்வப்போது எழுதி அனுப்பச் சொன்னார். சம்பளம் கிடையாது, அந்த வட்டாரத்தில் வராக்கடன் வழக்கு வந்தால் அவருக்கே கொடுப்பதாகப் பேச்சு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கனும் இப்படி எழுதி அனுப்பிய வக்கீல்களில் ஒருவர். வந்த கடிதங்களைக் குமாஸ்தாக்கள் பெரிய பேரேடுகளில் ஏற்றினார்கள். சந்தா கட்டிய வியாபாரி அலுவலகத்துக்கு நேரில் வந்தால், குமாஸ்தா அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவார். பிரதி எடுத்துப் போகக் கூடாது.

கடன், சொத்து விவரங்களோடு பேரேடு நின்றுவிடவில்லை. வயது, கல்யாணம் ஆனவரா, குடிப்பவரா, மனைவி வீட்டில் வசதி உண்டா என்பதெல்லாம் ஏறியது. ஊராரின் காழ்ப்பும் சேர்ந்தே ஏறியது. யூத வியாபாரிகளைப் பற்றிய பல குறிப்புகளில், ஆள் யூதர் என்பதே எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பேரேடுகளில் 2,500க்கும் அதிகமானவை இன்று ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் கடைத்தெருவை ஆராய்பவர்களுக்கு அது ஒரு புதையல்.

அந்தப் பக்கங்களில் இருந்தவர்கள் அவற்றைப் பார்த்ததில்லை. தொழிலின் ஆதாரமே அதுதான். காசு கொடுப்பவர் ஒருவர், எழுதப்படுபவர் இன்னொருவர். முன்னவருக்கு ஏஜென்சி கடமைப்பட்டது. பின்னவருக்கு எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பதில் கேட்டு ஒருவர் நீதிமன்றம் போனார். ஒஹையோ மாநிலத்துக் கடைக்காரர் அவர். மனைவி விவாகரத்துக் கேட்டு வழக்குத் தொடுக்கப்போகிறார், கடை கைமாறிவிட்டது என்கிற ரீதியில் தன்னைப் பற்றிப் பேரேட்டில் ஏறியிருப்பதும், அதனால்தான் நியூயார்க்கில் சரக்குக் கிடைக்காமல் போனது என்பதும் அவர் காதுக்கு எட்டியது. அவதூறு வழக்குத் தொடுத்தார். தகவல் கொடுத்தது யார் என்று நீதிமன்றம் கேட்டது. டாப்பனின் தொழில் கூட்டாளியான பெஞ்சமின் டக்ளஸ் பெயரைச் சொல்ல மறுத்துச் சில நாட்கள் சிறையில் இருந்தார். 1851இல் ஜூரிகள் கடைக்காரருக்கு 10,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம்வரை போய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தானது. அதற்குள் ஏஜென்சி கைமாறி ஆர்.ஜி. டன் கம்பெனி ஆகியிருந்தது. போட்டிக்கு வந்த பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் 1857இலேயே வியாபாரிகளின் தரவரிசையை அச்சுப் புத்தகமாகப் போட்டுவிட்டது. 1933இல் இரண்டும் இணைந்தன; பின்னாளில் ‘டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்’ என்று பெயர்பெற்றன.

இந்தப் பேரேடுகளில் ஏறியவர்கள் வியாபாரிகள். சாதாரணக் குடும்பஸ்தரை ஏற்றிய நிறுவனங்களில் ஒன்று தெற்கே அட்லாண்டாவில் பிறந்தது. கேட்டர் வூல்ஃபோர்டும் அவருடைய சகோதரர் கையும் 1899இல் அங்கே ‘ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி’யைத் தொடங்கினார்கள். மளிகைக் கடைகளில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது, யார் ஒழுங்காகக் கட்டுகிறார் என்று கேட்டுத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார்கள். உடனே கட்டுபவர், இழுத்தடிப்பவர், ரொக்கம் வாங்காமல் சரக்குக் கொடுக்கக் கூடாதவர் என்று ஆட்களைப் பிரித்திருந்தார்கள். விரைவிலேயே மளிகையை விட ஆயுள் காப்பீட்டில் வருமானம் அதிகம் என்று தெரிந்தது. பாலிசி கேட்பவரின் உடல்நிலை, பழக்கவழக்கம், நடத்தை ஆகியவற்றை விசாரித்துச் சொல்ல காப்பீட்டு நிறுவனங்கள் இவர்களை அமர்த்தின. விசாரணையாளர்கள் அண்டை வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

1960களில் இந்தக் கோப்புகளில் அமெரிக்கர்கள் பல கோடிப் பேர் இருந்தார்கள். கோப்புகளைக் கணினிக்கு மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும்தான் ஊர் விழித்துக்கொண்டது. ‘தனிமையும் சுதந்திரமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1967இல் புத்தகம் எழுதிய பேராசிரியர் ஆலன் வெஸ்டின், மறு ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். ஒருவரின் மணவாழ்க்கை, அரசியல், படுக்கையறைவரை வதந்திகள் கோப்பில் கிடப்பதையும், கணினியில் ஏறினால் அவை சாகாமல் இருக்கும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் முன்னின்று நடத்திய மசோதாவில் அதிபர் நிக்சன் 1970 அக்டோபரில் கையெழுத்திட்டார். நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் 1971 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

எழுதப்பட்டவருக்கு முதல்முறையாக ஓர் உரிமை கிடைத்தது. தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம், தவறு என்றால் மறுக்கலாம். பெரும்பாலான பாதகக் குறிப்புகளை ஏழு ஆண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. சாராம்சத்தைச் சொன்னால் போதும், பிரதி தர வேண்டியதில்லை. அண்டை வீட்டார் சொன்னதை வைத்து எழுதினால், சொன்னவர் பெயரை வெளியிட வேண்டியதில்லை. டக்ளஸ் சிறைக்குப் போய்க் காப்பாற்றிய ரகசியத்தை இப்போது சட்டமே காப்பாற்றியது.

சட்டம் வந்த அதே 1971இல் வாஷிங்டனிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு மாறிவந்த ஒரு பத்திரிகையாளரின் கார் காப்பீட்டுக்குச் சிக்கல் வந்தது. விசாரித்தபோது காரணம் வேறொரு நிறுவனம் எழுதிய அறிக்கை என்று தெரிந்தது. அவர் ஹிப்பி போன்றவர், போராட்டக்காரர்களை வீட்டில் தங்கவைத்தவர், போதைப் பொருள் உபயோகிப்பவராக இருக்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. பெரும்பாலும் ஒரே ஓர் அண்டை வீட்டுக்காரரின் பேச்சை நம்பி எழுதியது. கோப்பைப் பார்க்கப் போனவரைத் திரும்பத் திரும்ப அலையவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார்; நீதிமன்றம் நஷ்டஈட்டோடு 25,000 டாலர் தண்டத் தொகையும் விதித்தது, 1976இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரீடெய்ல் கிரெடிட்டின் நிலைமையும் சுகமில்லை. இத்தனை விழுக்காடு அறிக்கைகளில் பாதகமான விஷயம் இருக்க வேண்டும் என்று தங்களுக்கு இலக்கு வைத்திருந்ததாக அதன் முன்னாள் ஊழியர்கள் செனட் விசாரணையில் சொன்னார்கள். மத்திய வர்த்தக ஆணையமும் வழக்குத் தொடுத்தது. 1975 முடிவதற்குள் நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப் பெயர் ‘ஈக்விஃபேக்ஸ்’.

1990 ஏப்ரலில் அந்தப் பெயர் மறுபடி அடிபட்டது. லோட்டஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் ஈக்விஃபேக்ஸும் சேர்ந்து ஒரு குறுந்தகடு கொண்டுவருவதாக அறிவித்தன. 12 கோடி அமெரிக்கர்களின் பெயர், முகவரி, வயது வரம்பு, வருமான மதிப்பீடு, கடைக்குப் போனால் என்ன வாங்கும் ரகம் என்பது எல்லாம் அதில் இருக்கும். சிறு வியாபாரியும் வாங்கித் தன் கணினியில் போட்டு விளம்பரக் கடிதம் அனுப்பலாம். விஷயம் யூஸ்நெட் என்ற கணினிவலை விவாதக் குழுக்களிலும் மின்னஞ்சலிலும் காட்டுத்தீயாகப் பரவியது. தகட்டை ஒருமுறை விற்றுவிட்டால் பிழையை எப்படித் திருத்துவது, வேண்டாம் என்பவரை எப்படி நீக்குவது? லோட்டஸ் தலைவரின் மின்னஞ்சல் முகவரி கைக்குக் கை போனது. தங்கள் பெயரை நீக்கச் சொல்லிச் சுமார் 30,000 பேர் எழுதினார்கள். 1991 ஜனவரியில், ஒரு தகடுகூட விற்பனைக்கு வராமலே, திட்டம் கைவிடப்பட்டது. வலைத்தளங்களே பரவாத காலத்தில், கணினி வலை வழியாகத் திரண்ட மக்கள் ஒரு நிறுவனத்தின் தரவு வியாபாரத்தை நிறுத்திய தொடக்ககால நிகழ்வு இது.

அந்த வெற்றி ஒரு தகட்டுக்கு எதிரானது. தொழில் வேறு பாதையில் வளர்ந்தது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டூலி, இணையக் கடையில் வாங்குபவரின் கூடையில் என்ன இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ள ‘குக்கி’ என்ற சிறு கோப்பை வகுத்தார். விளம்பர நிறுவனங்கள் அதை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஆளைப் பின்தொடரப் பயன்படுத்தின. அவற்றில் பெரியதான டபுள்கிளிக், அஞ்சல் வழிக் கொள்முதல் பட்டியல்களை வைத்திருந்த அபாகஸ் நிறுவனத்தை 1999இல் வாங்கியது. பெயரில்லாத குக்கியை, பெயரும் முகவரியும் உள்ள குடும்பத்தோடு முடிச்சுப் போடுவது திட்டம். எதிர்ப்பும் அரசு விசாரணையும் கிளம்பியதால் 2000 மார்ச்சில் டபுள்கிளிக் பின்வாங்கியது. 2008இல் டபுள்கிளிக்கே கூகுளின் சொத்தானது.

பேரேட்டில் என்ன இருக்கிறது என்பதை விட, பேரேடு யார் கைக்குப் போகிறது என்பது அடுத்த கேள்வியாயிற்று. ஈக்விஃபேக்ஸிலிருந்து 1997இல் பிரிந்து தனி நிறுவனமான சாய்ஸ்பாயின்ட், போலி வியாபாரிகளாக வந்த மோசடிக்காரர்களுக்குத் தகவலை விற்றிருந்தது. தரவு கசிந்தால் உரியவரிடம் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2003இல் வந்திருந்தது. வேறு மாநிலங்களில் இல்லை. 2005இல் நிறுவனம் முதலில் கலிஃபோர்னியாக்காரர்களுக்கு மட்டும் கடிதம் அனுப்பியது. மற்ற ஊர்க்காரர்களுடைய தகவல் பத்திரமாக இருக்கிறதா என்று சத்தம் எழுந்த பிறகே மற்றவர்களுக்கும் கடிதம் போனது. பாதிக்கப்பட்டவர்கள் 1,63,000 பேருக்கு மேல். தெரிவிக்கும் கடமையைப் பிற மாநிலங்களும் வரிசையாகச் சட்டமாக்கின.

பிறகு 2017. ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதும் அதை அடைக்கும் திருத்தமும் மார்ச்சிலேயே வெளியாகிவிட்டன. ஈக்விஃபேக்ஸ் தன் இணையதளம் ஒன்றில் அதை அடைக்கவில்லை. மே முதல் ஜூலை வரை ஊடுருவியவர்கள் உள்ளே இருந்து தகவல்களை அள்ளினார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. செப்டம்பர் 7 அன்று செய்தி வெளியானது. 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் போய்விட்டன. பதறிய மக்களுக்காக நிறுவனம் ஒரு தனி இணையதளம் திறந்தது. அதன் ட்விட்டர் கணக்கோ, அதே சாயலில் வேறொருவர் அமைத்திருந்த போலித் தளத்துக்கு ஆட்களைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. தலைமை அதிகாரி அந்த மாதமே விலகினார். 2019இல் குறைந்தது 57.5 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு முதன்மையாகக் கிடைத்த நிவாரணம், அவர்களுடைய கடன் கோப்பை இலவசமாகக் கண்காணிக்கும் சேவை.

பறிபோனவர்களில் பெரும்பாலோர் ஈக்விஃபேக்ஸிடம் எதையும் வாங்கியவர்கள் அல்ல, கணக்குத் தொடங்கியவர்களும் அல்ல. வங்கியும் கடன் அட்டை நிறுவனமும்தான் அவர்களைப் பேரேட்டில் ஏற்றின. விலகிக்கொள்ள அவர்களுக்கு வழி கிடையாது. அந்தக் கொதிப்பில் வந்த 2018ஆம் ஆண்டுச் சட்டம், கோப்பைப் புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் பார்க்க முடியாதபடி கட்டணமின்றி முடக்கிவைக்கும் உரிமையைக் கொடுத்தது. அதுவரை பல மாநிலங்களில், தன் கோப்பைப் பூட்ட அந்த நிறுவனத்துக்கே காசு கட்ட வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்தத் தொழில் சிபில் என்ற பெயரில் 2000இல் நுழைந்தது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. 2010 முதல் ஈக்விஃபேக்ஸும் இங்கே இயங்குகிறது. வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவரிடம் ‘சிபில் ஸ்கோர் எவ்வளவு?’ என்பது முதல் கேள்வியாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகப் பெறும் வசதியை ரிசர்வ் வங்கி 2017இலிருந்து உறுதிசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது.

அதே 2023இல் கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி போனது. தகவல் விற்கும் தரகர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து எழுதிக்கொண்டிருக்காமல், அரசு நடத்தும் ஒரே இடத்தில் விண்ணப்பித்தால் பதிவுபெற்ற எல்லாத் தரகர்களும் தன்னைப் பற்றியதை அழிக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தின் ‘டெலிட்’ சட்டம் சொல்கிறது. 2026 ஆகஸ்ட் முதல் தரகர்கள் 45 நாளுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் நாள் குறித்தது. 1970இன் கடன் அறிக்கைச் சட்டத்தின் கீழ் வரும் தகவல்களுக்கு அதில் விலக்கு உண்டு. டாப்பன் தொடங்கிவைத்த அந்தப் பகுதியை எழுதப்பட்டவர் பார்க்கலாம், பிழையை மறுக்கலாம், பூட்டிவைக்கலாம்; அழிக்கச் சொல்ல முடியாது.