கிரேக்கரின் தானியத் தெய்வமும் முந்திரிகைத் தெய்வமும்

பழங்கதைகளை நடந்த வரலாறென்றே கொள்வாரும் உளர். வெறும் பொய்யெனத் தள்ளுவாரும் உளர். இவ்விரு நெறியும் பிழையாதலைக் கிரேக்கரின் தெமேத்தர், தயொனீசசு என்னும் இரு தெய்வங்களின் கதைகள் காட்டும். தெமேத்தர் தானியத்தின் தாய். தயொனீசசு முந்திரிகைக் கொடிக்கும் அதன் தேறலுக்கும் இறைவன். போர்த்தலைவரைப் பாடிய ஓமரின் காவியங்களில் இவர்க்குச் சிற்றிடமே உண்டு. உழவரிடையே இவர் பெற்ற இடமோ பெரிது.

தெமேத்தரின் கதையைக் கூறும் துதிப்பாடல் கி. மு. 7ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டிற்குரியதென்பர். அவள் மகள் பேர்செபொனி மலர் கொய்கையில் நிலம் பிளந்தது. கீழுலக வேந்தன் ஏடீசு தோன்றி அவளைக் கவர்ந்து சென்றான். தாய் தீப்பந்தம் ஏந்தி ஒன்பது நாள் உண்ணாது தேடினாள். பின்னர் முதியவள் வடிவில் அதென்சுக்கு அண்மையிலுள்ள எலெயுசிசை அடைந்து, அரசன் மனையிற் செவிலியானாள். துயரம் தணியாமையால் விதை முளையாவண்ணம் தடுத்தாள். மக்கள் பசியால் அழியவும், தேவர் பலியிழக்கவும் நேர்ந்தது. ஈற்றில் தேவர்கோன் சீயசு மகளை மீட்பித்தான். ஆயினும் கீழுலகில் மாதுளை வித்தொன்றை உண்டமையால், ஆண்டில் மூன்றிலொரு பங்கை அவள் அங்கே கழித்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது.

மகள் மண்ணுட் புகுதல் விதைத்தலையும், மீளுதல் முளைத்தலையும் குறிக்குமெனப் பலர் பொருள் கொண்டனர். சுவீடிய அறிஞர் நில்சன் வேறொரு பொருள் கண்டார். கிரேக்கர் இலையுதிர்கால மழையோடு விதைத்து, வேனிற் றொடக்கத்தில் அறுப்பர்; பின்னர்க் கடுங்கோடையில் வயல்கள் வறண்டு கிடக்கும். அக்காலத்து விதைதானியம் நிலத்தடிச் சாடிகளில் வைக்கப்படுதலையே கதை சுட்டுமென்றார் அவர். துதிப்பாடலோ அவள் வசந்த மலர்களோடு மீள்வதாகக் கூறுகின்றது. எப்பொருள் கொள்ளினும், புதைந்தது மீளும் என்னும் நம்பிக்கையே கதையின் உயிராம். அந்நம்பிக்கையை நாடி வந்தோருள் கிரேக்கமொழி அறிந்து, கொலைப்பழி அற்றவராயின், பெண்டிரும் அடிமைகளுங்கூட எலெயுசிசின் மறைச்சடங்குகளிற் சேர்க்கப்பட்டனர். மக்களாட்சி கண்ட அதென்சு தன் ஆட்சிமன்றில் இவ்விரு திறத்தார்க்கும் இடமளித்திலது என்பதை ஈண்டு நினைதல் தகும்.

தயொனீசசின் கதைகள் கொடியவை. தேபிசு நகர இளவரசி செமெலியிடத்துச் சீயசுக்குப் பிறந்த இவன், புதியவனாய்ப் புகுந்து எதிர்ப்புறுகின்றான். அவனை ஏற்க மறுத்த தேபிசு மன்னன் பெந்தியசை, தெய்வவெறி கொண்ட தாயே பிய்த்தெறிந்தாள். யுரிப்பிடீசு இறந்தபின் மேடையேறிய ‘பாக்கை’ நாடகம் இதனையே பொருளாகக் கொண்டது. அத்திக்காவைச் சேர்ந்த இகாரியசு, அத்தெய்வம் ஈந்த தேறலை இடையர்க்குக் கொடுத்தான். நீர் கலவாது குடித்து மயங்கியோர், நஞ்சிட்டானென எண்ணி அவனைக் கொன்றனர். மகள் எரிகொனி தூக்கிட்டு மாண்டாள். தேறலில் நீர் கலந்தே அருந்தும் கிரேக்கர் வழக்கத்தை நோக்கின் இக்கதையின் பொருள் விளங்கும்.

தயொனீசசு அயலிலிருந்து வந்தானெனும் கதையை நம்பி, அவன் திரேசு நாட்டினின்றும் காலந்தாழ்த்திக் கிரேக்கம் புகுந்த தெய்வமென 19ஆம் நூற்றாண்டறிஞர் முடிவு செய்தனர். செருமானியராகிய உரோடே அவருள் முதன்மையானவர். 1952ஆம் ஆண்டில் மைக்கேல் வெந்திரிசு என்னும் ஆங்கிலேயர் பண்டைக் களிமண் ஏடுகளின் எழுத்தைப் படித்தறிந்தபின் அம்முடிபு தளர்ந்தது. கி. மு. 1200 அளவிற்குரிய பைலொசு ஏடுகளில் தயொனீசசின் பெயர் காணப்பட்டது. பின்னர்க் கிரீத்துத் தீவின் கானியாவிற் கிடைத்த, கி. மு. 13ஆம் நூற்றாண்டு ஏடொன்று, சீயசுக்கும் அவனுக்கும் தேன் படைத்தமையைக் கூறுகின்றது. புதியவனெனக் கருதப்பட்டவன் பழந்தெய்வமே.

அங்ஙனமாயின் கதை பொய்யோ? அன்று. ஒரு தெய்வம் வந்த காலத்தை அது கூறிற்றிலது. தேறலின் இயல்பைக் கூறிற்று. எத்துணைப் பழகினும் மது மனிதனுக்குப் புதியவனே. அளவறியாதார்க்கு அது பகையாகும். தானியத்தின் கதையோ இழப்பின்றி விளைவில்லையென உணர்த்திற்று. காலத்தை ஏடுகளிடத்தும், மக்கள் உள்ளத்தைக் கதைகளிடத்தும் வினவுதலே வரலாறு பயிலும் மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க நெறியாம்.