பிலக் (சொல்)

பிலக் அல்லது பிரக் என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் பல மொழிகளில் வெள்ளியைக் குறிக்கும் சொல் ஆகும். தகலாகு மொழியில் பிலக் என்றும், வடக்கு லூசோன் பகுதியில் பேசப்படும் இலோக்கானோ மொழியில் பிரக் என்றும் வழங்குகிறது. இலோக்கானோவில் இதே சொல் பணத்தையும் குறிக்கும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் தம் நாட்டு நாணயத்தை "வெள்ளி" என்று அழைப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது.

சொற்பிறப்பு

இச்சொல் பிலிப்பைன்ஸ் மொழிகளுக்கு உரியது அன்று, கடன்சொல் ஆகும். இதன் மூலம் கம்போடியாவின் கெமர் மொழியில் வெள்ளி, பணம் ஆகிய இரண்டையும் குறிக்கும் ப்ராக் என்ற சொல் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் இரு மெய்களுக்கு இடையே ஓர் உயிர் சேர்ந்து பிரக் ஆயிற்று. வடமொழியின் ப்ரியம் தமிழில் பிரியம் ஆனதும் இவ்வாறே. பழைய ஜாவானிய மொழியிலும் பிரக் என்ற வடிவமே காணப்படுகிறது. மலாய் மொழியில் இது பேராக் ஆகும். மலேசியாவின் பேராக் மாநிலம் இப்பெயர் பெற்றது அங்குக் கிடைத்த வெள்ளீயத் தாதுவின் நிறத்தால் என்பர்.

இலோக்கானோ ரகரத்தைக் காக்க, தகலாகு அதனை லகரமாக்கியது. இம்மாற்றம் பிற சொற்களிலும் உண்டு. கடிதத்தைக் குறிக்கும் சொல் இலோக்கானோவில் சுரத், தகலாகில் சுலத். மலாய் மொழியிலும் சுரத் என்பதே வடிவம்.

ஸ்பானியத் தொடர்பு பற்றிய கருத்து

வெள்ளிக்கான ஸ்பானியச் சொல் பிளாத்தா ஆதலால், பிலக் அதிலிருந்து வந்தது என எண்ணத் தோன்றும். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வழியே பெருமளவு வெள்ளி பிலிப்பைன்ஸ் வந்தது இவ்வெண்ணத்துக்கு இடமளிக்கிறது. ஆயினும் இது பொருந்தாது. இறுதியில் உள்ள ககர மெய்க்குப் பிளாத்தா என்ற சொல்லில் விளக்கம் இல்லை. மேலும், மகெல்லனுடன் 1521இல் செபுத் தீவை அடைந்த இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா, அங்குத் தாம் கேட்ட சொற்களைப் பட்டியலிட்டபோது வெள்ளிக்குப் "பில்லா" என எழுதினார். இறுதி மெய் அவர் செவியில் விழவில்லை போலும். ஸ்பானியர் குடியேறுவதற்கு முன்பே இச்சொல் அங்கு வழக்கில் இருந்தமைக்கு இதுவே வலுவான சான்று.

பணத்தைக் குறிக்கும் தகலாகுச் சொல் பேரா. இதனை மலாய் பேராக்குடன் இணைப்போரும் உளர். ஆனால் அது நாய் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லான பெர்ரா என்பதிலிருந்து வந்தது என்ற விளக்கமே ஏற்கத்தக்கதாக உள்ளது. 1870இல் ஸ்பெயின் வெளியிட்ட செப்புக்காசுகளில் பொறித்த சிங்கம் நாய்போலத் தோன்றியதால், மக்கள் அக்காசுகளைக் கேலியாக அவ்வாறு அழைத்தனர்.

பொன்னுக்கான சொற்கள்

பொன்னுக்கு இத்தகைய பொதுச்சொல் இல்லை. விசய மொழிகளில் புலாவன், இலோக்கானோவில் பலித்தோக், தகலாகில் கிந்தோ என அது வேறுபடுகிறது. பொன் தீவுகளிலேயே கிடைத்தது. வெள்ளியோ பெரும்பாலும் கடல் வணிகத்தால் வந்தது. பொருளோடு அதன் பெயரும் கரையேறியது எனக் கொள்ளலாம்.