கரையும் ஸ்டென்ட்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க் குழாய் அடைபட்டுவிடாமல் இருக்க, சில வாரங்களுக்கு அதனுள் வைக்கப்படும் மெல்லிய குழல் ஸ்டென்ட் எனப்படும். வேலை முடிந்ததும் தானே சிதைந்து சிறுநீரோடு வெளியேறும்படி செய்யப்படுவது கரையும் ஸ்டென்ட். எண்ணம் எளியது. அதைச் சோதித்துத் தேற்றுவதில்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது.

கரையாத ஸ்டென்டின் கதை 1967-இல் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் சிம்ஸ்கைண்டும் உடன் பணியாற்றியவர்களும் வயிற்றைத் திறக்காமல், சிறுநீர்ப்பைக்குள் பார்க்க உதவும் சிஸ்டோஸ்கோப் கருவி வழியாகவே சிலிக்கோன் குழலை உள்ளே செலுத்திக் காட்டினார்கள். அந்தக் குழல் நழுவியது. 1978-இல் ஃபின்னி என்பவர் இரு முனைகளையும் கொக்கிபோல் வளைத்தார். நோயாளிகள் ‘டிஜே (டபுள் ஜே) ஸ்டென்ட்’ என்று சொல்வது இதைத்தான். நழுவல் பெரும்பாலும் நின்றது. எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் நிற்கவில்லை. குறித்த நாளில் வந்து எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை காத்திருந்தது: மாதக்கணக்கில் உள்ளே கிடந்த குழலில் உப்பு படிந்து இறுகும். சிறுநீரகக் கல்லுக்காகப் போட்ட குழலின் மேலேயே கல் வளரும்.

தானே கரையும் பொருள் அறுவை அரங்கில் அப்போதே இருந்தது. பாலிகிளைகாலிக் அமிலத்தால் ஆன தையல் நூலை 1970-களிலிருந்தே மருத்துவர்கள் பயன்படுத்தி வந்தார்கள். இதன் வேதிப் பிணைப்புகளைத் தண்ணீரே மெல்ல மெல்ல அறுத்துவிடும். 1990-களில் பின்லாந்தில் டல்யா, டோர்மாலா முதலியோர் இதையும் பாலிலாக்டைடையும் சுருள் வடிவ ஸ்டென்டாக்கி, முதலில் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் பாதையிலும், பிறகு விலங்குகளின் சிறுநீர்க் குழாயிலும் சோதித்தார்கள்.

ஆய்வகத்தில் முதல் தேர்வு எப்போதும் குடுவைதான். மனிதச் சிறுநீர் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். சீக்கிரம் கெட்டும் போகும். அதனால் யூரியா, கிரியேட்டினின், உப்புகள் கலந்த செயற்கைச் சிறுநீரில் குழல் துண்டுகளைப் போட்டு 37 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். குறித்த நாள்களில் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, இழுத்து அறுத்துப் பார்ப்பார்கள். இங்கேதான் சூட்சுமம். எடை பெரிதாகக் குறையாத கட்டத்திலேயே வலு போய்விடும். தண்ணீர் உள்ளே புகுந்து மூலக்கூறுச் சங்கிலிகளை நறுக்கிவிட்டிருக்கும். வெளியே குழல் முழுசாகத் தெரியும். தராசை மட்டும் நம்பியவர் ஏமாந்துபோவார். கரைவதற்கும் உடைவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இடைப்பட்ட நாள்களில்தான் தீர்மானமாகிறது.

அசையாத குடுவை சிறுநீர்க் குழாயைப்போல் நடந்துகொள்ளாது. 1990-களில் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் டனியும் கோர்மனும் செயற்கைச் சிறுநீர் தொடர்ந்து ஓடும் மாதிரியை அமைத்து, எந்தப் பொருளில் எவ்வளவு உப்பு படிகிறது என்று ஒப்பிட்டார்கள். கார்டிஃபில் ஸ்டிக்லர் கண்ணாடியில் ஒரு ‘சிறுநீர்ப்பை’யே செய்து, அதில் புரோட்டியஸ் மிராபிலிஸ் பாக்டீரியாவை வளர்த்தார். அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரமாகும், மெக்னீசியம், கால்சியம் பாஸ்பேட்டுகள் படியும். கரையும் பொருளுக்கு இது இரட்டைச் சோதனை, ஏனெனில் காரத்தன்மை கரையும் வேகத்தையும் மாற்றிவிடும். ஷ்லிக், பிளான்ஸ் என்ற இருவர் இதையே அனுகூலமாக்கி, சிறுநீரைக் காரமாக்கினால் மட்டும் கரையும் பொருள்களை ஆய்வகத்தில் தேடினார்கள்.

உடைவதன் விலை 2003-இல் தெரிந்தது. அமெரிக்காவில் லிங்கெமன் குழு தானே கரையும் தற்காலிக ஸ்டென்ட் ஒன்றை ஏறக்குறைய 90 நோயாளிகளிடம் சோதித்தது. பெரும்பாலானோருக்கு நன்றாகவே வேலை செய்தது. மூவருக்குத் துண்டுகள் உள்ளேயே தங்கி, அவற்றை அகற்றத் தனிச் சிகிச்சை தேவைப்பட்டது. எடுக்கும் சிரமத்தைத் தவிர்க்க வந்த பொருளையே எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கு வான்கூவரில் ச்யூ, ஹடாஷிக் முதலியோர் பன்றிகளிடம் விடை தேடினார்கள். பன்றியின் சிறுநீர்க் குழாய் அளவிலும் அலையசைவிலும் மனிதருடையதை ஒத்தது. ‘யூரிப்ரீன்’ என்ற அவர்களுடைய ஸ்டென்ட், முதல் தலைமுறையில் மறைய ஏறத்தாழ 10 வாரம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது 7 வாரம். 2013-இல் அறிக்கையான மூன்றாவது 4 வாரம். கரைவது சிறுநீர்ப்பைப் பக்கம் தொடங்கி மேலே சிறுநீரகம் நோக்கிப் போகும்படி அதை வடிவமைத்தார்கள். கீழ்முனை முதலில் போனால் பாதை திறந்திருக்கும். மேலே பிரிவது அடைக்காமல் இறங்கிவிடும். இத்துறையில் நடந்தவற்றுள் மிகக் கெட்டிக்கார யோசனை இதுவே எனலாம்.

போர்ச்சுகலில் பாரோஸ், ரெய்ஸ் குழு ஜெலட்டின், ஆல்ஜினேட் போன்ற இயற்கைப் பொருள்களில் குழல் செய்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் மெக்னீசிய உலோகக் கலவைகளைச் செயற்கைச் சிறுநீரில் இட்டபோது ஈ.கோலை பாக்டீரியா குறைந்தது. உலோகம் கரையும் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் அங்கே சிக்கல்.

ஒரு ஆய்வகம் அசையாத குடுவையிலும் இன்னொன்று ஓடும் நீரிலும், ஆளுக்கொரு செய்முறையில் கலந்த சிறுநீரிலும் சோதிப்பதால், ஒருவருடைய ‘நான்கு வார’த்தை மற்றவருடையதோடு நேரடியாக ஒப்பிட முடிவதில்லை. பொதுவான ஒரே சோதனை முறைக்கு இசைவது, புதிதாக இன்னொரு பொருளைக் கண்டுபிடிப்பதைவிட அவசரமான வேலை. வழக்கமான சிகிச்சையில் இன்னும் வைக்கப்படுவது பாலியூரிதேன், சிலிக்கோன் வகைக் குழல்களே என்பதால், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் அதை எடுக்க வேண்டிய தேதியைக் குறித்துவைத்து, தவறாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.