பட்டப்பெயரும் படநூலும்

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு மிகப் பழைய குடியிருப்பு. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தபோது, கற்கால மாந்தரின் கருவிகளோடு உரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கடல் கடந்த நாட்டின் பொருளை அன்றே வரவேற்ற மண் அது. இன்று அவ்வட்டாரமெங்கும் ஆலைகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு பள்ளியில் அமர்கின்றனர். அப்பிள்ளைகளை ‘வடக்கன்’ என்று கூவி நகைப்பது சிறார்க்கு விளையாட்டாகிவிட்டது. பெயரிலேயே வடக்கைத் தாங்கி நிற்கும் ஊர்ப்பக்கத்தில் இந்த ஏளனம்!

பட்டப்பெயர் சூட்டிப் பழிப்பதைத் திருக்குர்ஆன் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துரைத்த அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்ததையும் நாம் அறிவோம்.

ஆயினும் சட்டத்தை அறிந்த சமுதாயமும் பட்டப்பெயரை விட்டுவிடவில்லை. அதற்குச் சான்று அரபி உரைநடையின் முன்னோடியான இப்னுல் முகஃப்பஃ. பாரசீகத்தில் பிறந்த அவருடைய முதற்பெயர் ரோஸ்பிஹ். இஸ்லாத்தை ஏற்றபின் அப்துல்லாஹ். அவர் தந்தையார் வரி வசூல் அலுவலில் இருந்தபோது, பணத்தைக் கையாடினார் எனக் குற்றம் சாட்டி ஹஜ்ஜாஜின் ஆட்சியில் வதைத்தனர்; கை சூம்பிப்போயிற்று. ‘முகஃப்பஃ’ என்றால் கை சூம்பியவன். தந்தையின் ஊனமே மகனுக்கும் பெயராயிற்று. இப்னுல் முகஃப்பஃ என்றால், சூம்பிய கையனின் மகன்!

அந்த மனிதர்தாம் கி.பி. 750ஐ ஒட்டி ‘கலீலா வ திம்னா’வை அரபியில் தந்தார். நம் நாட்டுப் பஞ்சதந்திரமே அதன் மூலம். நௌஷீர்வான் காலத்தில் (531–579) மருத்துவர் புர்ஸோயி அதைப் பஹ்லவிக்குக் கொண்டு சென்றார். இந்நூலில் விலங்குகள் பேசுவது இளையோரை ஈர்க்கவும், வண்ணப் படங்கள் அரசர் உள்ளத்தை மகிழ்விக்கவும் என்று முன்னுரையிலேயே நோக்கம் சொல்லப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த படப்பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. ஐரோப்பாவில் கொமேனியஸ் சிறார்க்கான படப் பாடநூலை வெளியிட்டது 1658இல்தான்.

அதில் வரும் கழுத்துவளையப் புறாவின் கதையைப் பாருங்கள். வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றாய் எழும்பி வலையோடு பறக்கின்றன. எலி கட்டறுக்க வரும்போது, முதலில் என் கூட்டத்தாரை விடுவி என்கிறது தலைமைப் புறா. இதைக் கண்ட காகம் எலியின் நட்பை நாடுகிறது. எலியோ தன்னைத் தின்னும் இனத்தை நம்ப அஞ்சுகிறது. பின்னர் ஆமையும் மானும் சேர்ந்து, நால்வரும் ஒருவரையொருவர் காக்கின்றனர். எவரும் தம் இயல்பை இழக்கவில்லை; ஆமை ஆமையாகவே நடக்கிறது. ஏற்றுக்கொள்ளுதல் என்பது இதுதான்.

உயிர்ப்படம் ஆகுமா என்று தயங்குவோர் நம்மிடையே உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களின் இல்லத்தில் பொம்மை வைத்து விளையாடிய ஹதீஸைக் கொண்டு, சிறார் விஷயத்தில் சலுகை காட்டிய இமாம்கள் பலர்.

1826இல் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழாக்கினார். கதை நம்மிடம் இருக்கிறது, பயன் கொண்டோமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் பயின்றோரே சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024இல் அறிக்கையும் வந்தது. ஆனால் அரிவாள் வரை சென்ற வெறுப்பு, எங்கோ ஒரு வகுப்பறையில் வெறும் சொல்லாகத்தானே தொடங்கியிருக்கும்?

ஆசிரியப் பெருமக்களே! அறிவுரை கேட்டால் பிள்ளை தலைகுனிகிறான். படத்தைக் காட்டினால் நிமிர்ந்து பார்க்கிறான். ‘நீ ஏளனம் செய்தாயா?’ என்று கேட்டால் மறுப்பான். ‘எலி ஏன் அஞ்சுகிறது?’ என்று கேளுங்கள், உள்ளதைச் சொல்வான். ஏளனத்துக்கு ஆளானவனும் அங்கே வாய் திறப்பான். சூம்பிய கையனின் மகன் என்று உலகம் அழைத்த ஒருவர், அவ்வுலகுக்கு நட்பின் நூலைத் தந்து சென்றார். அவர் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம், நம் வகுப்பில் எந்தப் பிள்ளையை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று நாம் செவிகொடுத்துக் கேட்க வேண்டும்.