ரேடியேட்டர் கூல்... ஆனா ஆயில்? அம்பாசிடர், ஃபியட் வெச்சிருக்கீங்களா? இந்த சூட்டையும் பாருங்க!

சென்னையில் இருந்து அம்பாசிடரில் கிளம்பி சுமார் 190 கி.மீ. ஓடி திருவண்ணாமலை வந்தாச்சு. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது, ஆயில் பிரஷர் விளக்கு மினுக் மினுக் என்று எரிகிறது. பழைய கார் ஓட்டுபவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. என்ன காரணம்?

மீட்டர் காட்டுவது எதை?

டேஷ்போர்டு முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை மட்டும்தான். தண்ணீரைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம் இருக்கு. ஆயில் கூலர் இல்லாத காரில் ஆயிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அடியில் சம்ப் மேல் படும் காற்றுதான் துணை. ஹைவேயில் மணிக்கணக்கில் விரட்டினால் ஆயில் சூடேறி இளகிவிடும். பிறகு ஐடிலில் நின்றால் ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றும். பிரஷர் சட்டென இறங்கும். ஜவ்வாது மலை ஏற்றத்தில் சின்ன கியரில் போனாலும் ஆயில் நன்றாகச் சூடாகும்.

எவ்வளவு சூடு ஓகே?

* 80 டிகிரிக்குக் கீழே: ஆயிலில் சேர்ந்த ஈரம் சரியாக ஆவியாகாது. தண்ணீரை விட ஆயில் தாமதமாகத்தான் சூடாகும். அதுவரை விரட்ட வேண்டாம்.
* 90 முதல் 110 வரை: நார்மல்.
* 120ஐத் தாண்டினால்: வேகத்தைக் குறைக்கணும்.
* 130க்கு மேல்: ஓரம் கட்டுவது நல்லது. சாதாரண மினரல் ஆயில் சீக்கிரம் கெட்டு, பேரிங் தேயும்.

எப்படி அளப்பது?

1. சம்ப் சென்சார்: ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குப் பதில் சென்சார் பொருத்திய போல்ட். நம்பகமான முறை. ஆனால் மேடு பள்ளத்தில் அடிபடாத இடமா என்று பார்க்கணும்.

2. ஃபில்டர் அடாப்டர்: கழற்றி மாட்டும் ஃபில்டர் உள்ள இன்ஜினில், ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு தட்டு வைத்து அதில் சென்சார்.

3. இன்ஃப்ராரெட் கன்: செலவு குறைவு. ஆனால் இது சம்பின் வெளிச் சூட்டைத்தான் காட்டும். உள்ளே ஆயில் இன்னும் சூடாக இருக்கும். பளபளப்பான உலோகத்தில் தப்பாகக் காட்டும் என்பதால், கறுப்பு பெயின்ட் அடித்த இடத்தில் பிடிக்கணும்.

சென்சாரும் மீட்டரும் ஜோடிப் பொருத்தமாக இருக்கணும். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும்; அந்தக் கணக்கு மாறினால் முள் பொய் சொல்லும். மாட்டும் முன், எர்த் வயர் கொடுத்து சென்சாரை கொதிக்கும் தண்ணீரில் வையுங்க. 100க்குப் பக்கத்தில் காட்டினால் சரி. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். வயரிங்கில் கை வைக்கும் முன் அதையும் பாருங்க.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவமைப்பில் வந்த அம்பாசிடரின் தயாரிப்பு 2014-இல் நின்றது. பத்மினியும், சென்னை வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதற்கு முன்பே போய்விட்டன. பேரிங் போய் இன்ஜின் சிக்கிக்கொண்டால், ஒரிஜினல் பாகம் தேடி அலையணும். ஏர்கூல்டு இன்ஜின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ரேடியேட்டரே கிடையாது. அதன் ஓனர்கள் தனியாக ஆயில் மீட்டர் மாட்டுவது அதனால்தான்.

விளக்கு எரிந்தால் என்ன செய்யணும்?

தொடர்ந்து எரிந்தால் உடனே இன்ஜினை ஆஃப் செய்யுங்க. ஆறியதும் டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்க. ஆயில் குறைந்தால் சூடும் சீக்கிரம் ஏறும். அளவு சரி, 100 டிகிரிதான் காட்டுது, அப்பவும் ஐடிலில் எரியுதா? அப்போ பிரச்சினை சூட்டில் இல்லை. பேரிங் தேய்மானமோ, ஆயில் பம்ப்போ, பிரஷர் ஸ்விட்ச்சோ காரணமாக இருக்கலாம். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சமாளிக்காமல், தனி பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.