மங்கிய ஹெட்லைட்டுக்குப் பல்பு மட்டுமா காரணம்?



உங்களில் சிலர் வீட்டில் அப்பாவோ மாமனாரோ ஓட்டிய அம்பாசடர் அல்லது ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கலாம். பழைய கார்களுக்கு இப்போது மவுசு கூடியிருப்பதால், புதிதாக ஒன்று வாங்கும் எண்ணமும் இருக்கலாம். இந்த வண்டிகளை இரவில் ஓட்டுபவர்கள் சொல்லும் முதல் குறை, ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரிகிறது என்பதுதான். உடனே கடைக்குப் போய் 100 வாட் பல்பு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் இந்த விளக்கு வந்த வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்த வரலாறே காட்டிக்கொடுத்துவிடும்.

கார் பிறந்த காலத்தில் அதன் விளக்குக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு அசிட்டிலீன் விளக்கு. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அதில் கிளம்பும் வாயுவைத் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர், டைனமோ, மின்விளக்கு எல்லாம் ஒரே ஏற்பாடாக வந்தன. அதை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். கார்பைடு காலம் முடிவுக்கு வர அது வழிசெய்தது.

இங்கிலாந்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் கையில் வைத்திருந்தது பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம். விளக்கு வியாபாரத்தில் தொடங்கி, ஆங்கிலேயக் கார்களின் மின்சாமான் அனைத்தையும் செய்யும் அளவுக்கு வளர்ந்தது. பழைய கார் பிரியர்கள் அதற்கு ‘இருளின் இளவரசன்’ என்று கேலிப்பெயரும் வைத்தார்கள். அம்பாசடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இந்திய வடிவம். உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. ஹெரால்டு, சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரான இங்கிலாந்து டிரையம்ஃப் மாடல். 1960-களின் தொடக்கத்தில் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை அமைத்தன. பஸ் கண்டக்டர்கள் “பாடி லூகாஸ்” என்று குரல் கொடுப்பது அந்தத் தொழிற்சாலையை வைத்துத்தான்.

அக்கால ஆங்கிலேய முறையில் ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. பாட்டரியிலிருந்து புறப்படும் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து காலால் மிதிக்கும் டிப் ஸ்விட்ச் வழியாகப் பல்புக்குப் போகும். அதற்குப்பின் காரின் இரும்பு பாடி வழியாகவே பாட்டரிக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். இத்தனை இணைப்புகளில் ஒவ்வொன்றிலும் துருவும் களிம்பும் ஏறி, ஆளுக்குக் கொஞ்சம் வோல்டேஜைப் பிடித்துக்கொள்கின்றன. பல்புக்கு வரவேண்டிய வோல்டேஜில் 10 சதவீதம் குறைந்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பல்பு நல்ல பல்பாகவே இருக்கும். அதற்குச் சேரவேண்டியது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், அந்த வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் லைனுக்கு ஃபியூஸே கிடையாது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 45 வாட் பல்பு இரண்டுக்கு 7.5 ஆம்பியர் போதும். 100 வாட் பல்பு இரண்டுக்கு ஏறக்குறைய 17 ஆம்பியர் வேண்டும். ஒயரில் ஏறும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே ஒயர் ஏறக்குறைய 5 மடங்கு சூடாகும். ஐம்பது வருட ஒயர், தடுக்க ஃபியூஸும் இல்லை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, பல்பை மாற்றும் முன் இவற்றைச் சோதியுங்கள்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வெளிச்சம் கூடுகிறதா? டைனமோ வண்டிகளில் ஐடிலில் விளக்கு மங்குவது இயல்பு. அளவுக்கு மீறி மங்கினால் பாட்டரியையும் டைனமோவையும் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலா? எர்த்தைச் சந்தேகப்படுங்கள். விளக்கின் எர்த் முனையிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்குத் தனியாக ஓர் ஒயரைப் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் நோய் தெரிந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கினால் போதும். 1960-களின் நடுப்பகுதி வரை ஆங்கிலேயக் கார்கள் பெரும்பாலானவற்றில் பிளஸ் முனைதான் எர்த். எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே மங்கலா? விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பாட்டரியிலும் பல்பு முனையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் கசிவு இருக்கிறது. எரியும்போது ஸ்விட்ச் சுட்டால் அதுவும் ஓர் அடையாளம்.

ஒயர் நிறமும் உதவும். லூகாஸ் முறைப்படி பழுப்பு பாட்டரியிலிருந்து வருவது, நீலம் ஹெட்லைட், நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிப், கறுப்பு எர்த். நடுவில் ஒட்டுப்போட்டவர்கள் கிடைத்த நிறத்தை இழுத்திருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு ரிலேதான். பாட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த ஒயர் நேராக விளக்குக்குப் போகட்டும். பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதை வெளியே தெரியாமல் செய்து கொடுப்பார். அதன்பின் 60/55 வாட் ஹாலஜன் தாராளம். 1971-இல் ஐரோப்பாவில் வந்த எச்4 வகை அது. அதன் கண்ணாடியை வெறும் கையால் தொடாதீர்கள். பழைய ரிஃப்ளெக்டரில் மலிவான எல்இடி பல்பைச் செருகினால், வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும்.

இதை நம் காலாண்டிதழில் எழுதக் காரணம் இருக்கிறது. பழைய வண்டி ஒருவருடையது, அது நிற்கும் அடித்தளமோ நம் எல்லோருடையது. வாகன நிறுத்துமிடத்தில் ஓர் ஒயர் புகைந்தால், அதன் மேலே தூங்குவது அத்தனை குடும்பங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து, அந்த ஒயர்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உறை விறைத்தோ வெடித்தோ இருந்தால், பல்புக் கடையை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.