புதுச்சேரிச் சிக்கலும் இந்திய–பிரெஞ்சு உறவின் சீரமைப்பும் (1947–1962)

புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே காலாப்பட்டுக்குப் போகிறவர் கோட்டக்குப்பத்தையும் குயிலாப்பாளையத்தை ஒட்டிய பகுதியையும் கடக்க வேண்டும். நகரும் காலாப்பட்டும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. இடையில் இருப்பவை தமிழ்நாட்டு ஊர்கள். இன்று இது வெறும் மாநில எல்லை. 1954 வரை இரண்டு நாடுகளின் எல்லையாக இருந்தது.

அந்த எல்லை எப்போதும் பகையின் எல்லையாக இருந்ததில்லை. 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன் டி கோலின் அணியில் சேர்ந்தார். பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் போரில் ஒரே அணியில் நின்றன. 1941-இல் இரண்டுக்கும் இடையே சுங்க ஒப்பந்தமும் ஏற்பட்டது.

இந்தியா விடுதலை பெற்ற பின்பே உறவு கசந்தது. மக்கள் விருப்பப்படி முடிவெடுக்க 1948-இல் இரு அரசுகளும் இசைந்தன. மறு ஆண்டு சந்திரநாகூர் இந்தியாவுக்கு வாக்களித்தது. மற்ற நான்கு பகுதிகளான புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றில் வாக்கெடுப்பை யார் பொறுப்பில் நடத்துவது என்பதில் பேச்சு நின்றுபோனது. 1949-இல் சுங்க ஒப்பந்தத்தை இந்தியா முடித்துக்கொண்டது. எல்லையில் சோதனை வந்தது, கூடவே கள்ளக்கடத்தலும் பெருகியது. 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் முதலான தலைவர்களே இணைப்பைக் கோரினர்.

உண்மையான முட்டுக்கட்டை சட்டத்தில் இருந்தது. மக்கள் ஒப்புதல் இல்லாமல் நிலப்பகுதியைக் கைவிடக் கூடாது என்பது 1946-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பின் விதி. பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் நடக்கும் வாக்கெடுப்பை ஏற்க முடியாது என்பது இந்தியாவின் நிலை. இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு வழி கண்டார்கள். மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 1954 அக்டோபர் 18-இல் கீழூர் என்னும் சிற்றூரில் கூடினார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். இந்தோசீனப் போரில் தோற்று, மாந்தெஸ் பிரான்ஸ் தலைமையில் புதிய அரசு அமைந்திருந்ததும் பாரிஸின் மனமாற்றத்துக்குக் காரணம்.

அக்டோபர் 21-இல் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறி, கேவல் சிங் பொறுப்பேற்றார். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கைமாறியது நிர்வாகம் மட்டுமே, இறையாண்மை அல்ல. அதற்கான உடன்படிக்கை 1956 மே 28-இல்தான் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. இந்தியா இதைப் பெரிய சண்டையாக்காமல் பொறுத்திருந்தது. இதற்கிடையே, 1955-இல், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. உறவு எவ்வளவு சீராகியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. மக்கள் பிரதிநிதிகள் மாற்றும்வரை பிரெஞ்சு மொழி ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றும் உடன்படிக்கை சொன்னது.

1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்டன. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சில ஆயிரம் பேர் தெரிவித்தனர். அப்படித் தெரிவிக்காத உள்ளூர்வாசிகள் இந்தியர் ஆனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்ற நிலை இப்படித்தான் வந்தது.